சிறு மழை சுமந்து செல்லும் அழுக்கு

மழைநீர் வடிகாலைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது பெருமழையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்குமா, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்குமா என்றுதான் பொறியாளர்களும் கேட்கிறார்கள், முழங்கால் தண்ணீரில் நின்று அவதிப்பட்ட மக்களும் கேட்கிறார்கள். வெள்ளம் உயிரைப் பறிக்கும், உடைமையை அழிக்கும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் ஓடையையும் ஆற்றையும் ஏரியையும் நாள்தோறும் கெடுத்துக்கொண்டிருப்பது எது என்று கேட்டால் விடை வேறாக இருக்கிறது. நகர்ப்புற நீர்நிலைகளைப் பொறுத்தவரை, செய்தியில் இடம்பெறாத, யாரும் பொருட்படுத்தாத, ஐந்தும் பத்துமாகச் சில மில்லிமீட்டர் அளவில் திரும்பத் திரும்பப் பெய்யும் சிறு மழைகளே அழுக்கின் பெரும்பகுதியைச் சுமந்து செல்கின்றன என்பது இந்தத் துறையைத் தொடர்ந்து படித்துவருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் பரப்புள்ள வாகன நிறுத்தத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1 லட்சம் லிட்டர். அதில் சிறு பள்ளங்களில் தேங்குவது போக, ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் வடிகாலுக்குள் போய்விடும். அதே ஒரு ஹெக்டேர் அடர்ந்த காடாக இருந்தால் அந்த மழையில் ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி ஆவியாகும். மிச்சம் சருகுக்கும் வேருக்கும் இடையே இறங்கி மண்ணுக்குள் போகும். மேற்பரப்பில் வழிந்து ஓடைக்குப் போய்ச் சேர்வது அநேகமாக ஒன்றுமே இராது. 200 மில்லிமீட்டர் கொட்டித் தீர்க்கும் நாளில் நிலைமை இப்படி இல்லை. அன்றைக்குக் காட்டு மண்ணும் நிறைந்துவிடும், அங்கிருந்தும் தண்ணீர் வழிந்தோடும். ஆகவே காட்டுக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு பெருமழையில் குறைந்தும் சிறு மழையில் மிகுந்தும் தெரிகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டிவரும் கணக்கின்படி, இயற்கையான நிலத்தில் விழும் மழையில் சுமார் 10 விழுக்காடுதான் மேற்பரப்பில் வழிந்தோடுகிறது. முக்கால் பங்குக்கு மேல் கான்கிரீட்டும் தாரும் மூடிய நிலத்தில் அது 55 விழுக்காடாகிறது. இந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கும் செய்தி என்னவென்றால், இயற்கை நிலையில் ஆண்டுக்குச் சில முறை மட்டுமே மேற்பரப்பு நீரைக் கண்ட ஓடை, நகரம் வந்த பிறகு ஒவ்வொரு தூறலுக்கும் அதைக் காண்கிறது.

அந்தத் தண்ணீர் வெறுங்கையோடு வருவதில்லை. வெயில் காயும் நாட்களில் டயர் தேய்ந்த துகள், பிரேக் கட்டையின் தூள், சொட்டிய எண்ணெய், விலங்குகளின் கழிவு, கட்டட வேலையிடங்களிலிருந்து சிதறிய மண், காற்றிலிருந்து படிந்த புகைத்தூசு, நெகிழித் துணுக்கு எல்லாம் தெருவில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் வழியும் நீர்தான் இவற்றில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் நீர் ஒப்பளவில் தெளிந்தே இருக்கும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வதைவிட, பத்து நாள் இடைவெளி விட்டுப் பத்துப் பத்து மில்லிமீட்டராகப் பெய்யும் மழை அதிக அழுக்கைக் கொண்டுபோவது இதனால்தான். அமெரிக்காவில் 1979 முதல் 1983 வரை 28 இடங்களில் நடந்த தேசிய நகர்ப்புற வழிந்தோடு நீர் ஆய்வு, தாமிரம், ஈயம், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் நகரத்து மழைநீரில் பரவலாக இருப்பதைக் காட்டியது. தொழிற்சாலைக் குழாயின் வாயை அடைத்துவிட்டால் ஆறு தெளிந்துவிடும் என்ற எண்ணம் அந்நாட்டில் அப்போது வலுவாக இருந்தது. கயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய் 1969-இல் தீப்பிடித்ததும், 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்ததும் அந்த எண்ணத்துக்குப் பின்னணி. 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி நகரங்களின் மழைநீர் வடிகால்களையும் உரிம முறைக்குள் கொண்டுவர நேர்ந்தது, தெருவும் ஒரு கழிவுக் குழாயே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதைக் காட்டுகிறது.

மழைநீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில் சிறு மழையின் தீங்கு இன்னும் வெளிப்படையானது. லண்டனில் பொறியாளர் ஜோசப் பேசல்கெட் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய சாக்கடைகள் அப்படிப்பட்டவை. மக்கள்தொகை பெருகப் பெருக, மண் பரப்பு குறையக் குறைய, சில மில்லிமீட்டர் மழைக்கே குழாய் நிரம்பித் தேம்ஸ் ஆற்றில் கழிவு கலக்கும் நிலை உண்டாயிற்று. அதைத் தடுக்கவே ஆற்றின் கீழ் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரும் சுரங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. மண் செய்துவந்த வேலையை மண்ணிடமிருந்து பறித்தால் அதை எந்த அளவுக்குப் பொருள் செலவிட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதற்கு அந்தச் சுரங்கம் சான்று.

வழிந்தோடும் நீரில் என்ன இருக்கிறது என்பதை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்பதற்கு வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளைப் பெரும் முயற்சியுடன் சீரமைத்தார்கள். தடைகளை அகற்றினார்கள், கரையில் மரம் நட்டார்கள். கடலிலிருந்து கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடத் திரும்பி வந்தன. ஆனால் இலையுதிர்கால மழை பெய்ததும் அவை நிலைதடுமாறிச் சுழன்று, வாய் பிளந்து, வயிற்றில் முட்டையோடு செத்து மிதந்தன. சில ஓடைகளில் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி மாண்டன. நோயா, வெப்பமா, உலோகமா, பூச்சிக்கொல்லியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. ஆண்டுக்கணக்கான தேடலுக்குப் பிறகு 2020-இன் இறுதியில் வெளியான ஆய்வில் விடை கிடைத்தது. டயர் ரப்பர் ஓசோனால் வெடிக்காமல் இருப்பதற்காக 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து, அதுவரை யாரும் தேடிப் பார்த்திராத குயினோன் வகைச் சேர்மம் ஒன்றாக மாறுகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே அது கோஹோ மீனைக் கொன்றுவிடுகிறது. அதே ஓடைக்கு வரும் சம் சால்மன் மீனுக்கோ அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அத்தகைய நஞ்சு எந்தத் தரப் பட்டியலிலும் இல்லாதபோது, நீரைச் சோதித்தவர்கள் சோதனைக்கூடத்தில் தவறேதும் காணாமல் போனதில் வியப்பில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் மற்றொரு பகுதி. கொல்லும் பொருளின் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஆய்வாளர் குழுவைச் சேர்ந்தவர்கள் நெடுஞ்சாலையில் வழிந்த நீரை மணலும் மட்கிய எருவும் கலந்த மண் அடுக்கின் வழியே வடியவிட்டு, அந்த நீரில் மீன்களை விட்டுப் பார்த்தார்கள். வடிக்காத நீரில் மீன்கள் சில மணி நேரத்தில் செத்தன. மண் வழியே வந்த நீரில் பிழைத்தன. அந்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. நஞ்சு இன்னதென்று அறியாமலேயே மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தடை செய்வது அவசியம்தான்; ஆனால் அதற்குள் எத்தனையோ தலைமுறை மீன்கள் போய்விடும். மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது, நாம் இன்னும் பெயர் சூட்டாத நஞ்சுகளில் பலவற்றுக்கும் காப்பாக அமைகிறது.

அழுக்கு மட்டுமே தீங்கு என்று எண்ணிவிடவும் கூடாது. தூய நீரே ஆனாலும், அது குழாய் வழியே ஒரே பாய்ச்சலாக வந்து விழும்போது ஓடையின் படுகையை அரித்து ஆழமாக்குகிறது, கரையைச் சரிக்கிறது, கல்லுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்களை அடித்துக்கொண்டு போகிறது. கோடையில் சூடேறிய தாரின் மேல் ஓடிவந்த நீர் ஓடையின் வெப்பத்தைத் திடீரென உயர்த்துகிறது. மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய நீர் மேலேயே ஓடிப்போய்விட்டதால், மழையற்ற மாதங்களில் ஊற்றாகக் கசிந்து ஓடையைக் காக்க வேண்டிய நீரும் இல்லாமல் போகிறது. மழைக்குப் பின் சில மணி நேரம் பெருக்கெடுத்தும் மற்ற நாட்களில் வறண்டும் கிடக்கும் ஓடையைப் பார்த்தால் மேலே நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம். இதில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு கூரையும் சாலையும் இருக்கின்றன என்பதைவிட, அவற்றில் எவ்வளவு நேரடியாகக் குழாயால் ஓடையோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே ஓடையின் நலத்தைத் தீர்மானிக்கிறது என்றார்கள். அந்நகரின் கிழக்கே லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் என்ற சிற்றோடையின் பிடிப்புப் பகுதி முழுவதிலும் வீடு வீடாக மழைநீர்த் தொட்டிகளையும், மழைநீரை உறிஞ்சும் தாழ்வான செடிப் பாத்திகளான மழைத் தோட்டங்களையும் அமைத்து அந்த இணைப்பைத் துண்டித்துப் பார்த்ததும் இந்தக் கருத்தின் அடிப்படையில்தான். கூரையை இடிக்க முடியாது. கூரையின் குழாயைத் திருப்பிவிட முடியும். நம்பிக்கை தரும் செய்தியாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேளாண் நிலத்துக்கு வரும்போது என் வாதம் அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஆண்டில் சில பெருமழைகளே மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியை அரித்துக்கொண்டு போகின்றன. மணிச்சத்து ஏரியை என்ன செய்யும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் 226-ஆம் எண் ஏரியில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 1973-இல் செய்த சோதனை ஐயமின்றிக் காட்டியது. ஏரியின் நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கத்திலும் கரிமத்தையும் தழைச்சத்தையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தையும் கூட்டினார்கள்; அந்தப் பக்கம் பாசி படர்ந்து பச்சைப் பசேலென்று மாறியது, மறுபக்கம் தெளிந்தே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 ஆகஸ்டில், ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு குடிநீரில் கலந்ததால் அமெரிக்காவின் டொலிடோ நகரப் பகுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். காய்ச்சினால் அந்த நஞ்சு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். அதற்கு மூலம் மாமி ஆற்றின் வழியே வந்த உரச்சத்து. வயலோரத்தில் புல்லும் மரமும் கொண்ட காப்புப் பட்டை அமைப்பது மண்ணோடு ஒட்டி வரும் மணிச்சத்தை நன்றாகவே தடுக்கிறது. நீரில் கரைந்த மணிச்சத்தோ வயலுக்கடியில் புதைத்த வடிகுழாய்கள் வழியே அந்தப் பட்டைக்குக் கீழாகவே போய்விடுகிறது. உரத்தை மேலாகத் தூவாமல் மண்ணுக்குள் இடுவதும், மண்ணைச் சோதித்துத் தேவையான அளவே இடுவதும், கனமழை வருமென்று தெரிந்தால் ஒத்திப்போடுவதும் அங்கே காப்புப் பட்டையைவிட முதன்மையானவை.

நிலத்தடி நீர் தானாகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் இதேபோல ஆராயப்பட வேண்டியது. ஒன்டாரியோவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பெய்த கனமழை, பக்கத்துப் பண்ணையில் இட்டிருந்த மாட்டு எருவிலிருந்த ஈ.கோலை கிருமியை ஆழமற்ற ஊர்க்கிணறு ஒன்றுக்குள் கொண்டுசேர்த்தது. குளோரின் சேர்ப்பதிலும் கண்காணிப்பிலும் இருந்த குறைகள் அதைத் தடுக்கத் தவறின. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள். பின்னர் நடந்த விசாரணை, அந்தப் பண்ணையாளர் எருவை முறையாகவே இட்டிருந்தார் என்றும் அவர் மீது குற்றமில்லை என்றும் கூறியது. விதிப்படி நடந்த ஒரு விவசாயமும் விதிப்படி வெட்டப்பட்டதாக எண்ணப்பட்ட ஒரு கிணறும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்ததே கேடாக முடிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காக இருந்தால் போதும் என்ற எண்ணத்தை இது தகர்க்கிறது. நீர் எங்கே விழுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே எடுக்கப்படுகிறது என்பதை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கேனும் இருந்தாக வேண்டும். அந்த மாகாணம் 2006-இல் குடிநீர் மூலங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, நிர்வாக எல்லைகளை விட்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் அடிப்படையில் திட்டங்களைத் தீட்டச் செய்தது.

நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பது ஆடம்பரம், சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதே நடைமுறை என்று சொல்பவர்களுக்கு நியூயார்க்கின் அனுபவத்தையே நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன். அந்நகரின் குடிநீரில் மிகப் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பகுதியிலும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலும் உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. 1989-இல் வந்த கூட்டாட்சி விதி, மேற்பரப்பு நீரை வடிகட்டியே வழங்க வேண்டும் என்றது. மூலத்தைக் காக்க முடியும் என்று காட்டினால் விலக்கு உண்டு. வடிகட்டும் நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. நகரம் 1997-இல் மலையக ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, விற்க விரும்புவோரிடம் மட்டும் நிலம் வாங்குவது, பழுதான கழிவுநீர்த் தொட்டிகளைத் தன் செலவில் மாற்றித் தருவது, பண்ணைகளில் எருவைச் சேமிக்கவும் ஓடையிலிருந்து கால்நடைகளை விலக்கி வைக்கவும் உதவுவது என்ற வழியைத் தேர்ந்தது. செலவு அதைவிட மிகக் குறைவு. பணக்கணக்கைவிட எனக்கு முதன்மையாகப் படுவது, கீழே குடிப்பவர்கள் மேலே வாழ்பவர்களுக்குக் கட்டளையிடாமல் பேசி, உரிய பணத்தையும் கொடுத்தார்கள் என்பதே. அதற்கு முன்பு அதே நீர்த்தேக்கங்களுக்காக ஊர்களையே காலி செய்த வரலாறு இருந்ததால் அந்தப் பேச்சு எளிதாக நடக்கவில்லை.

நகரத்துச் சிறு மழைக்குத் திரும்புகிறேன். அதைப் பிடித்து வைக்கும் முறைகள் புதியவை அல்ல. தெருவோரத்தில் தாழ்வாக அமைத்து நல்ல மண்ணிட்டுச் செடி வளர்க்கும் மழைத் தோட்டம், 1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் முறையாக வகுக்கப்பட்டது. நீர் இறங்கும் நடைபாதை, மண்ணிட்ட கூரை, கூரைநீரைச் சேமிக்கும் தொட்டி, அகலமான புல் வாய்க்கால் ஆகியவையும் இதே நோக்கத்தைக் கொண்டவை. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், புதிதாக எழும் கூட்டாட்சிக் கட்டடங்கள் பெய்யும் மழை நாட்களில் 95 விழுக்காட்டு நாட்களின் மழையை வளாகத்துக்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம் என்று வழிகாட்டப்பட்டது. இப்படி ஒரு அளவை முன்வைப்பதன் பயன் என்னவென்றால், மீதமுள்ள ஐந்து விழுக்காட்டுப் பெருமழையை அது கையாளாது என்பதையும் அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

அந்த வெளிப்படைத்தன்மை இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சீனாவில் பார்த்தோம். 2015-இல் 16 நகரங்களில் தொடங்கிய கடற்பஞ்சு நகரத் திட்டம், பெய்யும் மழையில் 70 விழுக்காட்டை நகரமே உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்ற இலக்கை வைத்தது. அத்திட்டப் பணிகளைச் செய்திருந்த செங்சோவ் நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டி, சுரங்க ரயிலிலும் தெருவிலும் மக்கள் மாண்டபோது, திட்டமே வீண் என்ற குரல் எழுந்தது. அந்தத் துயரத்தின் நடுவே அந்தக் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் எந்த மழைத் தோட்டமும் அத்தகைய மழையைக் குடித்திருக்க முடியாது. அதற்குத் தாழ்வான இடங்களைக் காலியாக விடுவதும் எச்சரிக்கையும் வெளியேற்றமும் வேண்டும். மண்ணையும் செடியையும் வெள்ளத் தடுப்பாக விளம்பரப்படுத்துகிறவர்கள், அவை உண்மையில் செய்யக்கூடிய நீர்த்தூய்மைப் பணிக்கும் கெட்ட பெயர் தேடித் தருகிறார்கள்.

மூலத்திலேயே தடுப்பதைப் போலப் பலன் தரும் வழி வேறில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் நின்ற பிறகு மழைநீரில் ஈயம் கண்கூடாகக் குறைந்தது. வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2010-இல் சட்டமியற்றி, பிரேக் கட்டையில் தாமிரத்தை 2025-க்குள் எடையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் செய்தன. வாகன நிறுத்தங்களுக்குப் பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சை 2006-இல் தடை செய்த ஆஸ்டின் நகரில், ஏரி வண்டலில் அந்தப் பூச்சிலிருந்து வரும், புற்றுநோய் விளைவிக்கக்கூடிய ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்ததை அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கண்டறிந்தது. டயர் வேதிப்பொருளுக்கு மாற்று தேடுவதும் இந்த வரிசையில் வர வேண்டியதே.

இறக்கிவிடும் முறைக்கும் எல்லைகள் உண்டு. எரிபொருள் நிலையத்தின் முற்றத்து நீரையும், தொழிற்கூடத்து மாசு படிந்த மண்ணின் மேல் வழியும் நீரையும் நிலத்துக்குள் இறக்கக் கூடாது; பனியுருக்கத் தெருவில் தூவும் உப்பை எந்த மண்ணும் வடிகட்டாது. இவற்றைவிடப் பரவலாகக் காணும் தோல்வி பராமரிப்பின்மை. மழைத் தோட்டத்தின் நுழைவாய் வண்டலாலும் சருகாலும் அடைபட்டால் நீர் அதைத் தாண்டி நேரே வடிகாலுக்குப் போய்விடும். செடி பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குவார்கள், ஆண்டுதோறும் மண்ணைக் கிளறி வண்டலை அள்ளும் ஆளுக்கு ஒதுக்குவதில்லை. ஃபிலடெல்ஃபியா 2011-இல் 25 ஆண்டுத் திட்டமாகத் தெருக்களையும் பள்ளி வளாகங்களையும் மாற்றத் தொடங்கியபோது, அதற்கு முந்தைய ஆண்டே வணிக மனைகளின் மழைநீர்க் கட்டணத்தைக் குடிநீர் மீட்டரிலிருந்து பிரித்து, மனையில் நீர் இறங்காத பரப்பு எவ்வளவு என்பதோடு சேர்த்துக் கணக்கிட ஆரம்பித்திருந்தது. தண்ணீரே செலவழிக்காத வாகன நிறுத்தம் அதுவரை ஏறக்குறைய ஒன்றும் கட்டாமல் இருந்தது. பிறகு அது தன் தார்ப்பரப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டியதாயிற்று, தாரைப் பெயர்த்து மண்ணைத் திறந்தாலோ கட்டணத்தில் தள்ளுபடி பெறவும் முடிந்தது. வண்டலை அள்ளும் ஆளுக்கு ஆண்டு தவறாமல் கூலி கிடைக்க நான் அறிந்தவற்றுள் இதுவே நிலையான வழி.